மூஞ்சி செதுக்கிய சிரட்டை

“மூஞ்சி இருந்திச்சுங்க அப்பு. கண்ண உருட்டிக்கிட்டு, வாயத் தொறந்துகிட்டு. திருஷ்டிக் காயின்னு நெனச்சி, பங்களாவச் சுத்திக் கேட்டடியில ஒடைச்சிட்டேன்.”

புதிதாக வேலைக்கு வந்த வேலாயி, மடியிலிருந்த சிரட்டைத் துண்டுகளைச் சமையலறை மேசையில் கொட்டினாள். எல்லாரும் அப்பு என்று கூப்பிடும் பங்களாச் சமையல்காரர் பழனியாண்டி மெதுவாக உட்கார்ந்தார்.

“உள்ள தண்ணியில்லன்னு தோணலியா?”

“தோணிச்சுங்க. பொல்லாத கண்ணு, தண்ணியயே குடிச்சிருச்சின்னு நெனச்சேன்.”

அது கண்ணாடி அலமாரியில் இருந்த பழைய குடுவை. அந்தக் காலத்துக் கப்பலோட்டிகள் யாரோ, சாராயம் ஊற்றிவைக்க முழுச் சிரட்டையில் முன்பக்கம் முகமும் பின்பக்கம் கப்பலுமாகச் செதுக்கியது. முகத்தின் வாய்தான் குடுவையின் வாய். பங்களா எஜமானியான நோனாவின் பூட்டனார் சொத்து. அதை எடுத்துப்போக நோனாவின் அக்கா லண்டனிலிருந்து இன்றைக்கு வருகிறார்; அவரைக் கூட்டிவர நோனாவே வேனில் போயிருக்கிறார். குடுவை போனால் பழனியாண்டியின் வேலை போகும். வேலை போனால் பங்களாவுக்குப் பின்னாலிருக்கும் அவருடைய அறையும் போகும்.

பசை போட்டு ஒட்டினார். குடுவையின் இடது கண்ணோடு அவர் விரலும் ஒட்டிக்கொண்டது.

“சுடுதண்ணியில முக்குங்க அப்பு.”

முக்கினார். விரல் வந்தது. கூடவே ஒட்டியதெல்லாம் கழன்று வந்தது. மறுபடி ஒட்டியபோது வாய் நெற்றிக்குப் போய்விட்டது.

“சாமி மாதிரி இருக்குங்க,” என்றாள் வேலாயி.

“நீ பேசாம இரு தாயி.”

கடைசியில் சம்பலுக்குத் துருவிய இரண்டு அரைச் சிரட்டைகளைச் சேர்த்து ஒட்டி, கடுஞ்சாயத்தில் ஊறவைத்து, கறிக்கத்தியால் கண்ணும் வாயும் குடைந்தார். பின்பக்கம் கப்பல் வேண்டும். கடலையே பார்த்திராதவர் ஆகையால், ஹட்டன் ரயிலுக்குப் பாய் கட்டியது போல ஒன்று அமைந்தது.

“நல்லாத்தான் இருக்குங்க. பழச என்ன செய்ய?” என்றாள் வேலாயி.

“அடுப்புல போடு. ஒரு துண்டு மிஞ்சக் கூடாது.”

சிரட்டை நன்றாகவே எரிந்தது. பழனியாண்டி புதிய குடுவையை அலமாரியில் வைத்துவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார்.

வேன் சத்தம் கேட்டது. டிரைவர் அன்டன் பின்கதவு வழியாக ஓடிவந்தான்.

“அப்பு, லண்டன் நோனா கேட்டடியில போட்டோ எடுக்கிறாங்க, சுருக்கா கேளுங்க. நம்ம நோனாவுக்கு அந்தக் குடுவையக் குடுக்க மனசில்ல. அக்கா பக்கத்துலயே இருந்ததால போன்ல சொல்ல முடியலியாம். அத எங்கயாச்சும் ஒளிச்சிட்டு, ஒடஞ்சிருச்சின்னு சொல்லிருங்க. அக்கா நம்பணும்ல, அதுக்கு செதுக்கின பழைய துண்டு நாலு தேடி வைக்கச் சொன்னாங்க.”