செத்த குதிரைக்கும் விலை கொடுத்த பாண்டியனும் என் சனிக்கிழமைச் சொற்பொழிவும்

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர், சரித்திரப் பேராசிரியர் கிருபாகரன் அவர்களுக்கு அத்தான் பொன்னுதுரை எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அக்காவும் சுகம். என் சுகம் மட்டும் வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணி வரைக்கும்தான். போனில் சொன்னால் சிரிப்பீர்கள். கடிதத்தை வாசித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

எங்கள் வாசகர் வட்டத்துச் செயலாளர் சிவனணைந்தபெருமாள், நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவர், போன மாதம் என்னைப் பிடித்து, "அண்ணாச்சி, இடைக்காலத்தைப் பத்துன குறிப்பிடத்தக்க பத்து நூல், அரைமணி நேரம் பேச ஆளு வேணும்" என்றார். மாப்பிள்ளை, துறைமுக அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். இடைக்கால நிவாரணம், இடைக்கால உத்தரவு, இடைக்காலத் தடை எல்லாம் என் மேஜைக்கு வராமல் எங்கே போயின? இடைக்கால ஏற்பாடு என்று சொல்லி என்னைக் கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்காரவைத்து, பதினோரு வருடம் கழித்து அதிலிருந்தே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். "இடைக்காலம் எனக்குத் தண்ணி பட்ட பாடுலா" என்று சொல்லிவிட்டேன். அவரும் நம்பி, "இடைக்கால ஆய்வாளர் திரு. பொன்னுதுரை" என்று அழைப்பிதழ் அடித்துவிட்டார். நாசரேத், சாத்தான்குளம் சொந்தம் முழுவதற்கும், எங்கள் சபைப் போதகர் ஐயருக்கும் என் கையாலேயே கொடுத்தாயிற்று.

நேற்று இடைக்கால பட்ஜெட் அறிக்கை ஒன்பதைக் கட்டித் தூக்கிக்கொண்டு, பத்தாவதைத் தேடி நூலகத்துக்குப் போனேன். நூலகர் பானுப்ரியா கட்டையும் பார்த்தாள், அழைப்பிதழையும் பார்த்தாள். "சார், இது பட்ஜெட்லா? நீங்க பேசப் போறது சோழன், பாண்டியன் காலம்லா!" என்றாள். கட்டை மெல்ல மேஜைக்கு அடியில் தள்ளினேன். பாவம், அந்தப் பெண்ணே கல்வெட்டுத் தொகுதி, கடல் வாணிகம், பிறநாட்டார் பயணக் குறிப்பு, உலா இலக்கிய ஆய்வு என்று பத்துப் புத்தகத்தை அடுக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

உலாவை உங்கள் அக்கா எடுத்துக்கொண்டாள். ராஜா வீதியில் வர, ஐந்து வயதுப் பேதை முதல் நாற்பது வயதுப் பேரிளம்பெண் வரை மயங்குகிறார்களாம். "ஏன், நாப்பதுக்கு மேல உள்ளவ எட்டிப் பாத்தா ராசாவுக்கு ஆகாதோ?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். நானா எழுதினேன்?

நான் கடல் வாணிகத்தைத் திறந்தேன். ஐயோ மாப்பிள்ளை! நாம் புன்னைக்காயலுக்குப் போகும் வழியில் டீ குடிப்போமே பழையகாயல், அந்தப் பக்கத்தில் வருடா வருடம் அரபு தேசத்துக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் கப்பலில் வந்து இறங்கியிருக்கின்றன. வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தானாம்! சேதாரப் பிரிவில் இருந்தபோது, நனைந்த பருப்பு மூட்டைக்குக்கூட நஷ்டஈடு கிடையாது என்று எழுதியே விரல் தேய்ந்தவன் நான். எவன் கையெழுத்துப் போட்டான்? செத்ததற்கு என்ன சாட்சி? இறங்கின குதிரைக்காவது கொள்ளு வைத்தார்களா என்றால், சோற்றை நெய்யில் பிசைந்து ஊட்டிக் கொன்றிருக்கிறார்கள். மறுவருடம் திரும்பவும் வாங்கியிருக்கிறார்கள்! என்னையறியாமல் எழுந்து நின்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து உங்கள் அக்கா ஓடிவந்தாள்.

"எதுக்கு இப்படிக் கத்துதீய? நெஞ்சு வலிக்கா?"

"இல்லளா, குதிரை செத்துப்போச்சு!"

"யாரு வீட்டுக் குதிரை?"

விடிந்தால் புதன். பத்தில் ஒரு புத்தகம்கூட முடியவில்லை. முப்பது வருடமாக இதையே பாடம் நடத்துகிறவர் நீங்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை பஸ்ஸிலேயே வந்து எனக்குப் பதிலாக மேடையேறி நம் குடும்ப மானத்தைக் காப்பாற்ற வேண்டும். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும், முக்கியமாக இந்த வரத்தை, காப்பாராக.

இப்படிக்கு,
மானம் ஊசலாடும் அத்தான்,
பொன்னுதுரை.

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் அக்கா கடிதத்தைப் பிடுங்கி வாசித்தாள். சிரித்தாள். பிறகு, "செத்த குதிரைக்கு இப்படித் துடிக்கிற மனுசனுக்குப் பதிலா என் தம்பி வந்து என்னத்தப் பேசப் போறான்? நீங்களே பேசுங்க" என்று சொல்லி என் வெள்ளைச் சட்டையைத் தேய்க்க எடுத்துப் போய்விட்டாள். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். நீங்கள் வரவேண்டியதில்லை. மீறி வந்தால் செயலாளர் பக்கத்தில் உட்காருங்கள். அரைமணி ஆனதும் அவர் மணியடிக்கக் கையை நீட்டுவார், பிடித்துக்கொள்ளுங்கள்.