தங்கத் தடியும் மூன்று துணி உறைகளும்

அந்த மாதம் ஊரில் இரண்டே வகை மனிதர்கள் இருந்தார்கள். தடிமகானைப் பார்த்துவிட்டவர்கள், பார்க்க வரிசையில் நிற்பவர்கள். வரிசை மண்டபத்தில் தொடங்கி, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, செருப்புக் கடை வாசல் வரை நீண்டது. அருள் முதலில் கிடைத்தது செருப்புக் கடைக்காரருக்குத்தான். நெரிசலில் அறுந்த செருப்புகளுக்குக் கணக்கே இல்லை.

மகான் குணமாக்குவதாகச் சொன்னது நடுக்குவாதத்தை. டாக்டர்கள் அதைப் பார்க்கின்சன் என்பார்கள். கை நடுங்குகிறவரை மேடையில் உட்கார வைத்து, "கையை மடியில போட்டு சும்மா விடுங்க" என்பார். கை தடதடவென ஆடும். கூட்டம் உச்சுக் கொட்டும். பிறகு தங்க நிறத் தடியை நீட்டி, "புடிங்க!" என்பார். பிடித்ததும் நடுக்கம் நின்றுவிடும்! கைதட்டல் கூரையைப் பிய்க்கும். பத்து எண்ணுவதற்குள் தடியைத் திரும்ப வாங்கிக்கொள்வார். அதற்கு மேல் உடம்பு சக்தியைத் தாங்காதாம். என்ன கரிசனம்! கட்டணம் கிடையாது, காணிக்கைதான். கட்டணம் என்றால் யாராவது ரசீது கேட்டுத் தொலைப்பார்கள்.

ஒரே நிபந்தனை, மாத்திரையை நிறுத்த வேண்டும். "ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்காது" என்று மகான் சொல்லிவிட்டார்.

அதை நம்பி நிறுத்தியவர்களில் எங்கள் தெருத் தையல்காரரும் ஒருவர். டாக்டர் அவரிடம் உள்ளதைச் சொல்லியிருந்தார்: "முழுசா குணமாக்குற மருந்து இன்னும் வரல. ஆராய்ச்சி நடக்குது. சிலருக்கு மூளைக்குள்ள மெல்லிசா கம்பி வச்சு, மின்சாரம் குடுத்து நடுக்கத்தைக் குறைக்கிறோம். உங்களுக்கு இப்ப மாத்திரையும் பயிற்சியும் போதும். நேரம் மட்டும் தவறக்கூடாது." உண்மைக்கு இதுதான் கஷ்டம். அதற்குக் கைதட்ட ஆள் வராது.

மாத்திரையை விட்டுப் பத்து நாள் ஆயிற்று. நாற்காலியிலிருந்து எழத் தையல்காரர் மூன்று முறை முயல வேண்டியிருந்தது. வாசலுக்கு வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. ஊருக்கே பொத்தான் தைத்தவரால் தன் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. மனைவிதான் போட்டுவிட்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை, கோபம்தான் வந்தது.

அவருடைய கொழுந்தியாள் குழாய் வேலை பார்ப்பவள். அக்கா வீட்டில் கசிந்த குழாயைக் கழற்ற வந்தவள், "அத்தான், இந்த ஸ்பேனரைக் கொஞ்சம் புடிங்க" என்று நீட்டினாள். பிடித்தார். கை நின்றது.

"என் ஸ்பேனருக்கு யாரு அருள் குடுத்தது?"

"விளையாடாத. அந்தத் தடியில சக்தி இருக்கு."

"இருந்தா கும்பிட்டுட்டுப் போறேன். அக்கா, ஒரே மாதிரி மூணு துணி உறை தைச்சுக் குடு."

கணவர் அளவு சொல்ல, மனைவி தைத்தார்.

மறுநாள் அவள் அத்தானோடு மேடையேறினாள். "சாமி, துணிக்குள்ள போட்டா தடியோட சக்தி போயிடுமா?"

"மலைக்குள்ள வச்சாலும் போகாது!" என்று கர்ஜித்தார் மகான். நுணலும் தன் வாயால் கெடும்.

கூட்டத்திலிருந்து இரண்டு பேர் திரைக்குப் பின்னால் போய், ஓர் உறையில் தடியையும், மற்றொன்றில் பிளாஸ்டிக் குழாயையும், மூன்றாவதில் கிழிந்த குடையையும் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தையல்காரர் ஒவ்வொன்றாகப் பிடித்தார். மூன்றிலும் நடுக்கம் நின்றது.

"இதுல உங்க தடி எது சாமி? தொடாம சொல்லுங்க."

மகான் கண்ணை மூடி, மூச்சை அடக்கி, நடு உறையைக் காட்டினார். அவிழ்த்தார்கள். குடை.

"என் சக்தி குடைக்கும் பரவிடுச்சு!"

"சரி சாமி. அப்ப நிஜத் தடியை அத்தான் இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருக்கட்டும்."

தையல்காரர் தடியை நீட்டிப் பிடித்தார். கூட்டமே எண்ணியது. பதினைந்தில் கை லேசாக ஆடியது. இருபதில் தடியும் சேர்ந்து ஆடியது.

"நேத்து டாக்டர்கிட்ட கேட்டேன்" என்றாள் கொழுந்தியாள். "சும்மா இருக்கிற கைதான் இந்த நோயில அதிகமா நடுங்குமாம். எதையாவது புடிச்சா பலருக்குக் கொஞ்ச நேரம் அடங்கும், அப்புறம் திரும்ப வந்துடும். இதுல சாமி பண்ணினது, பத்து எண்ணினது மட்டும்தான்."

பின்வாசலுக்கு நழுவிய மகானைச் செருப்பு அறுந்தவர்களே மறித்துக்கொண்டார்கள்.

தையல்காரர் தலை குனிந்து நின்றார். "பத்து நாளை வீணாக்கிட்டேனே."

"குணமாகணும்னு ஆசைப்பட்டது தப்பில்ல அத்தான். கேக்காம நம்பினதுதான் தப்பு. வாங்க, டாக்டர் கிளம்புறதுக்குள்ள போயிடலாம்."

அப்போது வரிசையின் முதல் ஆள் பவ்வியமாக அவளை நெருங்கினார். "அம்மா, அந்தக் குடை விலைக்குக் கிடைக்குமா?"

கை நடுங்குகிறவர்களுக்காக விஞ்ஞானிகள் இரவு பகலாக உழைக்கிறார்கள். இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் வழி கிடைக்கும். கேள்வி கேட்க நடுங்குகிறவர்களுக்கு எந்த ஆராய்ச்சிக்கூடமும் உதவாது. அந்த வைத்தியத்தை அவரவர்தான் செய்துகொள்ள வேண்டும்.