பயிற்சிக் காரில் ரொட்டித் துகள்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும். இந்த வீட்டில் சுவர் மெல்லியது, அவள் காது கூர்மையானது. உறையைப் பிரிக்கும்போது காய்ந்த சோற்றுப் பருக்கை உதிர்ந்தால் பயந்துவிடாதீர்கள், நான்தான் அதை வைத்து ஒட்டினேன். வீட்டில் பசை இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வயிற்றைப் பற்றி நீங்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல வருடமாக அது கடமுடா என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கார் ஓட்டப் பழக வருகிறவர்கள் இன்ஜினில் ஏதோ கோளாறு என்று நினைத்து வண்டியை ஓரம்கட்டிவிடுவார்கள். நானும், எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பிழைக்கிறவன் ஆயிற்றே, டிரைவிங் ஸ்கூல்காரனுக்கு வயிறு கலங்காமல் வேறு யாருக்குக் கலங்கும் என்று இருந்துவிட்டேன். பேண்ட் இடுப்பில் நிற்காமல் போய், ரத்தம் குறைந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு உங்கள் தங்கை என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். வயிற்று டாக்டர் ரத்தம் எடுத்தார், தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார், கடைசியில், "உங்க உடம்புக்கும் கோதுமைக்கும் ஒத்துக்கல. அதுல குளூட்டன்னு ஒண்ணு இருக்கு. அது உள்ள போனா உங்க உடம்பே குடலைப் புண்ணாக்குது. மைதா, ரவை, பார்லி எதுவும் கூடாது. ஒரு துகள்கூட வேண்டாம்" என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "ஆயுசுக்கும்" என்றார். ஆயுள் தண்டனை கொடுக்கிற நீதிபதிகூடக் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொள்வார் மச்சான். இவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். அடுத்த அறையில் உணவு ஆலோசகர் அம்மா ஒருவர் இருந்தார். நல்ல மனுஷி. "அரிசி, சோளம், உருளைக்கிழங்கு, பருப்பு, முட்டை, மீன், காய், பழம் எல்லாம் தாராளமா சாப்பிடுங்க. வயிறு தானா சரியாயிடும். மனசுதான் கொஞ்ச நாள் படுத்தும். அழுகை வந்தா அடக்காதீங்க" என்றார். ரொட்டிக்குப் போய் யாராவது அழுவார்களா என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் தங்கை முந்தானையை இழுத்துச் செருகினாள். மாவு டப்பாக்கள் போயின. பிஸ்கட் டின் போனது. ரொட்டி வாட்டும் மெஷின் கீழ்வீட்டுத் தையல்காரருக்குப் போனது. கோதுமை வயல் படம் போட்ட காலண்டரையும் கழற்றி எடுத்தாள். படத்தில் இருக்கிறதை நான் நக்கவா போகிறேன் என்று கேட்டதற்கு, "உங்களுக்கு நினைப்பு வரும்" என்றாள். டிரைவிங் ஸ்கூல் போஸ்டர் ஒட்ட நான் காய்ச்சி வைத்திருந்த பசை மைதாவில் செய்தது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. வாளியோடு சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். அன்றிலிருந்து போஸ்டர், உறை எல்லாவற்றுக்கும் சோறுதான். பிறகு எனக்காக அரிசி மாவில் ரொட்டி சுட்டாள். ஒரு நாள் முழுக்க யாரிடமோ கேட்டு, எழுதி வைத்துக்கொண்டு, மாவு உப்புகிறதா என்று குழந்தையைப் பார்க்கிற மாதிரி துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சுட்டாள். அதை வெட்டக் கத்தி போதவில்லை. "நல்லா இருக்கா?" என்று கேட்டாள். பிரமாதம் என்றேன், கடைவாய்ப் பல் ஆடியது. மிச்சத்தைத் தெரியாமல் கீழே கொண்டுபோய், சரிவில் வண்டி நிறுத்தும் பாடத்துக்குச் சக்கரத்தின் பின்னால் முட்டுக் கொடுத்தேன். வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. இன்றைக்கும் அதுதான் கட்டை.

உடம்பைப் பற்றிக் கேட்டால் குறை சொல்ல முடியாது. முட்டையும் சோறும், மீனும் உருளைக்கிழங்கும், பழமுமாக உங்கள் தங்கை வஞ்சனையில்லாமல் போடுகிறாள். எடை ஏறியிருக்கிறது, பெல்ட்டில் பழைய ஓட்டைக்கு வந்துவிட்டேன். ஊர்க்காரர்கள்தான் வாழ விடுவதில்லை. லைசென்ஸ் வாங்கினவர்கள் கேக்கோடு வந்து நிற்கிறார்கள். லைசென்ஸ் ஆபீஸில் டெஸ்ட் வைக்கிற மீசைக்காரர், "அட, ஒரே ஒரு பிஸ்கட் சார், இதுல என்ன ஆயிடப் போகுது?" என்று கையில் திணித்தார். அவர் மனம் கோணினால் என்னிடம் பழகுகிற பிள்ளைகளில் ஒருவரும் பாஸாக மாட்டார்களே என்று பாதியைக் கடித்துவிட்டேன். மறுநாள் பாட்டு டீச்சர் ஒருவருக்கு மார்க்கெட் ரோட்டில் பாடம். மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கண்ணில் பட்ட கதவுக்குள் எல்லாம் ஓடினேன். அந்த அம்மா இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில், "சார், இன்னிக்கு ஓரம்கட்டுறது மட்டும் நல்லாப் படிஞ்சிடுச்சு" என்றார். இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டு தாங்கிவிடுவேன். தாங்க முடியாதது வேறு. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மச்சான், உங்கள் தங்கைக்கும் எனக்கும் கல்யாணமான நாளிலிருந்து சாயங்கால டீ நேரத்தில்தான் பேச்சு. காலையில் நான் அவசரத்தில் இருப்பேன். ராத்திரி அவள் அசதியில் இருப்பாள். கடைசிப் பாடம் முடித்து நான் மேலே வந்ததும், சமையலறை மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு, வாட்டிய ரொட்டியில் வெண்ணெய் தடவி டீயில் நனைத்துத் தின்றபடி அவள் சேதி சொல்வாள். யார் வீட்டில் என்ன, யாருக்கு யாரோடு சண்டை, வெளியூரில் இருக்கிற எங்கள் பையன் போனில் என்ன சொன்னான். நான் வாயில் ரொட்டியோடு ம்ம் போடுவேன். ரொட்டி ஊறி டீக்குள் விழுந்தால் அவள் சிரிப்பாள். நாங்கள் குடும்பம் நடத்தியதே அந்த ரொட்டியை நனைத்து எடுக்கிற நேரத்துக்குள்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. ரொட்டி போனதும் அதுவும் போனது. இப்போது என்னை உட்கார வைத்து, வேகவைத்த கிழங்கையும் டீயையும் வைத்துவிட்டு, எதிரே நின்று அது என் தொண்டையில் இறங்குவதையே பார்க்கிறாள். "வயிறு எப்படி இருக்கு?" என்பாள். நல்லா இருக்கு என்பேன். நீ சாப்பிடவில்லையா என்றால், "அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்பாள். பிறகு துணி எடுத்துவர வேண்டும் என்று கீழே இறங்கிப் போவாள். வீட்டில் என் வயிற்றைத் தவிர வேறு யாரைப் பற்றியும் பேச்சே கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் காரில் துகள் கிடக்க ஆரம்பித்தது. ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியில், கியர் இடுக்கில், மஞ்சள் மஞ்சளாக ரொட்டித் துகள். எனக்குத் துகள் என்றால் விஷம் என்று தெரிந்தும் எந்தப் பிள்ளை வண்டியில் தின்கிறது என்று ரத்தம் கொதித்தது. கண்ணாடிக்கு மேலே "வண்டிக்குள் சாப்பிடக் கூடாது" என்று எழுதிச் சோற்றால் ஒட்டினேன். அப்படியும் நிற்கவில்லை. நைட் டியூட்டி முடித்துவிட்டுப் பாடத்துக்கு வருகிற நர்ஸ் ஒருத்தியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், நான் இன்னும் டீகூடக் குடிக்கல" என்றாள். சரி, கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று நேற்றைக்குக் கடைசிப் பாடத்தை ரத்து செய்துவிட்டு, கிழங்கையும் டீயையும் சீக்கிரமே முடித்து, வெளியே வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, கார் நிற்கிற இடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றேன்.

வந்தது உங்கள் தங்கை. ஒரு கையில் டீ டம்ளர், மறு கையில் காகிதத்தில் சுற்றிய பன். பழகுகிறவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்துக்கொண்டாள். நான் ஒட்டிய எழுத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தாள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. போய்க் கதவைத் தட்டலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். அப்போது அவள் பேசினாள். போனில் இல்லை. பக்கத்தில் இருந்த காலி சீட்டைப் பார்த்துப் பேசினாள். நான் தினமும் உட்கார்கிற சீட். "தெரியுமாங்க, தண்ணி மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணுது. தையல்காரர் பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்காம், இனிப்பு கொடுத்தாங்க, உங்களுக்கு ஆகாதுன்னு திருப்பிக் கொடுத்துட்டேன். பையன் போன் பண்ணினான். நல்லாத்தான் இருக்கேங்கிறான், ஆனா குரல் சரியில்லைங்க. எனக்கு என்னவோ பயமா இருக்கு" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். நான் ம்ம் போடுவதற்கு இடம் விட்டாள் மச்சான். பிறகு மேலே சொல்ல ஆரம்பித்தாள்.

நான் சத்தம் போடாமல் மாடிக்கு வந்துவிட்டேன். ராத்திரி அவள் எனக்குத் தட்டு வைத்தாள். இன்றைக்கு என்ன சேதி என்று கேட்டேன். "என்ன சேதி, ஒண்ணும் இல்லையே. வயிறு எப்படி இருக்கு?" என்றாள். தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் மேல் அந்தத் தோல் கிழிந்த சீட்டுக்கு இருக்கிற பாத்தியதைகூட எனக்கு இல்லாமல் போயிற்றே என்று நினைத்தேன். பையனுக்கு என்ன என்று கேட்கவும் முடியவில்லை, கேட்டால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். உணவு ஆலோசகர் அம்மா சொன்ன அழுகை அப்போது வந்தது. வெங்காயம் எதுவும் அருகில் இல்லாததால், கண்ணில் தூசி என்று சொல்லி முகம் கழுவப் போனேன்.

ஆகையால் மச்சான் அவர்களை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது, இந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது கிளம்பி வாருங்கள். உங்கள் பேச்சைத்தான் அவள் தட்ட மாட்டாள். ஒன்றும் தெரியாதவர் போல ஒரு பை நிறைய பன் வாங்கி வாருங்கள். "மாப்பிள்ளைக்கு ஆகலைன்னா நீ ஏன் பட்டினி கிடக்குற? அவர் முன்னாடியே உட்கார்ந்து சாப்பிடு" என்று அதட்டுங்கள். எனக்கு ஒரு ஏக்கமும் கிடையாது. நான் திடமாக இருக்கிறேன். என் கண் முன்னால் அவள் ஒரு மூட்டை ரொட்டியைத் தின்றாலும் என் முகம் மாறாது. தட்டு, கத்தி, துடைக்கிற துணி எல்லாம் அவளுக்குத் தனியாக வைத்துக்கொண்டால் எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அவள் மாடியிலேயே சாப்பிட்டுக்கொண்டு பழையபடி பேசினால் போதும். இதைச் செய்து கொடுத்தால் ஆயுசுக்கும் உங்களுக்குக் கடமைப்பட்டிருப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்த மாவும் ஒத்துக்கொள்கிற வயிற்றோடு நீடூழி வாழ ஆசி கூறுகிறேன். பெரியவர்களான உங்கள் இருவர் ஆசியும் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்துவிடாதீர்கள். பன் வாங்க வேண்டாம். இதை எழுதி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரை யார் பொறுப்பது என்று நானே இன்றைக்குச் சாயங்காலம் கீழே போய், என் பக்கத்துக் கதவைத் திறந்து, என் சீட்டில் உட்கார்ந்தேன். அவள் பன்னை டாஷ்போர்டுக்குள் தள்ளப் பார்த்தாள். "ஒளிக்காதே, என் முன்னாடியே சாப்பிடு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று வீரமாகச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தபடி பிய்த்து, நனைத்து, வாயில் வைத்தாள். கார் கண்ணாடி ஏற்றியிருந்தது. வெண்ணெயும் ரொட்டியும் டீயும் கலந்த வாசனை அப்படியே சூழ்ந்துகொண்டது. என் கால் தானாகப் போய், சொல்லிக்கொடுக்கிறவனுக்கென்று என் பக்கத்தில் இருக்கிற பிரேக்கை அமுக்கிக்கொண்டது, வண்டி ஓடாதபோதே. வாயில் எச்சில் ஊறியது, கண்ணிலும் ஊறிவிட்டது, துடைக்க நேரமில்லை. அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "இதைப் பார்க்க முடியாமத்தாங்க இங்க வந்து உட்கார்ந்தேன்" என்றாள். பாதிப் பன்னைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டாள். அவள் செய்ததுதான் சரி மச்சான், நான்தான் திடமாக இல்லை. பிறகு, பையன் போன் பண்ணினானா என்று கேட்டேன். "பண்ணினான், நல்லா இருக்கானாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் கேட்டால் அவள் சொல்ல மாட்டாள், கவலைப்பட்டால் என் உடம்புக்கு ஆகாது என்பாள். நீங்கள் அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். பன்னை அவள் கீழேயே ஒளிந்து சாப்பிடட்டும், நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். சேதியை மட்டும் அந்தச் சீட்டிடம் சொல்லித் தீர்த்துவிடாமல் மேலே என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள்.