மரகதம் வைத்தியர் வேஷம் கட்டிய கதை

ஒரு காட்டில், அது எந்தக் காடு என்று கேட்டு என் வாயைக் கிளறாதீர்கள், மரகதம் என்றொரு கழுதைப்புலி இருந்தாள். அவளுக்குத் தொழில் வைத்தியம். யாருக்குக் கால் பிசகினாலும், முள் குத்தினாலும் அவள் குகை வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் மயில் ஆனந்தரூபன் வீட்டில் பகடை ஆட்டம். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, இல்லாத கோட்டைக்குள் புகுந்து, இல்லாத பூதத்தைக் கொல்ல வேண்டும். எந்த இனம் என்ன வேஷம் எடுக்கலாம் என்பதெல்லாம் விதிப்புத்தகத்தில் இருக்கும். மயில் என்றால் அரசன், அழகு கூட்டல் நாலு. முயல் என்றால் மந்திரக்காரி, அறிவு கூட்டல் மூன்று. கழுதைப்புலி என்றால் அடியாள், அறிவு கழித்தல் மூன்று, இரக்கம் கழித்தல் ஐந்து. எழுதியவர் ஆனந்தரூபனின் பெரியப்பா. அவர் ஆயுசில் ஒரு கழுதைப்புலியைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பாரபட்சம் வந்துவிடுமாம்!

மூன்று வருஷமாக மரகதத்துக்கு அடியாள் வேஷம்தான். கோட்டை வாசலில் முதல் அடி அவளுக்கு. செத்துப்போய்விட்டு, மிச்ச நேரமெல்லாம் மற்றவர்களுக்கு முறுக்கு எடுத்துக் கொடுப்பாள்.

ஒரு ஞாயிறு, பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டாள். "அண்ணே, இந்த வாரம் நான் வைத்தியர் வேஷம் எடுத்துக்கறேன்."

ஆனந்தரூபன் தோகையைச் சுருக்கிக்கொண்டான். "எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லம்மா. ஆனா புஸ்தகத்துல இரக்கம் கழித்தல் அஞ்சுன்னு போட்டிருக்கே. வைத்தியருக்கு இரக்கம் வேணுமில்ல?"

"போன மாசம் உங்க காலுக்குக் கட்டுப் போட்டது யாரு?"

"நீதான். நல்லாத்தான் போட்டே. அது நிஜம்மா, இது ஆட்டம். ஆட்டம்னா கொஞ்சமாவது நம்புற மாதிரி இருக்க வேண்டாமா?"

சொல்வது யார், பேசுகிற மயில்! நெருப்பு கக்கும் பூதத்தை நம்பலாம், பறக்கும் கோட்டையை நம்பலாம். இரக்கமுள்ள கழுதைப்புலி என்றால் மட்டும் ரொம்ப ஓவராம்.

முயல் சியாமளா இளகின மனசுக்காரி. "பாவம், படிவம் ஒண்ணு இருக்கே, அதையாவது குடுங்க" என்றாள். இனத்துக்குப் போட்ட விதியிலிருந்து ஒருவருக்கு மட்டும் விலக்குக் கேட்கும் படிவம். மூன்று பிரதி, உயர்ந்த இனத்தார் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. சியாமளா அங்கேயே உட்கார்ந்து, 'மரகதம் மற்ற கழுதைப்புலிகளைப் போல அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பாராட்டுத்தான். ஆனாலும் மரகதத்துக்குச் சுருக்கென்று வலித்தது. கடைசி வரியில் அவளே ஓர் உறுதிமொழி தர வேண்டும்: 'என் இனம் பிறவியிலேயே கொடியது, நான் மட்டும் விதிவிலக்கு.'

இந்த இடத்தில் அவள் படிவத்தைக் கிழித்து வீசிவிட்டு எழுந்து போவாள் என்று எதிர்பார்க்கிறீர்கள். உங்களுக்கென்ன, நீங்களா மூன்று வருஷம் கோட்டை வாசலில் செத்தீர்கள்? மூன்று பிரதியிலும் பாதத்தைப் பதித்தாள்.

அடடா, அன்றைக்கு ஆடினாள் பாருங்கள்! விஷ அம்பு பட்டு விழுந்த அரசனை ஒரே உருட்டில் எழுப்பி உட்கார வைத்தாள். எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். சந்தோஷத்தில் மரகதத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு அவள் தங்கை கோமேதகம் வந்து நின்றாள். அக்காவின் பெருமையைக் கேட்டு, ஆசை ஆசையாகப் புதுப் பகடைகூட வாங்கி வந்திருந்தாள். "எனக்கும் வைத்தியர் வேஷம் குடுங்க. அக்காவுக்குக் குடுத்தீங்கல்ல?"

ஆனந்தரூபன் நெற்றியைச் சுருக்கினான். "ஒருத்தின்னா விதிவிலக்கு. ரெண்டு பேருன்னா விதியே தப்புன்னு ஆயிடும். பெரியப்பா தப்பா எழுதுவாரா? அப்புறம் மரகதத்துக்குக் குடுத்ததையும் வாபஸ் வாங்க வேண்டியதுதான். நீயே சொல்லும்மா மரகதம், இவளும் உன்னைப் போலத்தானா?"

காட்டில் பிரசவம் பார்ப்பதெல்லாம் கோமேதகம்தான். அக்காவைவிட மனசும் கையும் மிருது. அது மரகதத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதடி" என்றாள், தங்கையின் முகத்தைப் பார்க்காமல். "புஸ்தகம் எழுதினவங்க யோசிக்காமலா எழுதியிருப்பாங்க? நம்ம ஆளுங்களப் பத்தி எனக்குத் தெரியாததா?"

கோமேதகம் பகடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"பாத்தீங்களா, போயிட்டு வரேன்னுகூடச் சொல்லல! எவ்வளவு முரடு!" என்றாள் சியாமளா. "நம்ம மரகதம் அப்படி இல்ல."

மரகதமும் எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டினாள்.

நீதி: ஓர் இனத்தையே மட்டம்தட்டும் புத்தகம் மகா மட்டம். அதே பக்கத்தில் உங்களுக்கு மட்டும் ஓர் அடிக்குறிப்பு கிடைத்துவிட்டால், அதைப்போல ஆதாரபூர்வமான நூல் உலகத்திலேயே இல்லை.