உலக்கை விழுந்த ஜீப்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு பழைய ஜீப் மரியாதையோடு உயிர்வாழ வேண்டுமானால், அது ஒரு போருக்காவது போய் வந்திருக்க வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. பழைய ஜீப் வாங்குவது நாகரிகமான பிறகு தானாக வந்து சேர்ந்த ஒழுக்கம் இது. நகைக்கடைக்காரரின் ஜீப் பர்மாவில் ஓடியது. பல் டாக்டருடையது ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓடியது. கல்யாண மண்டபக்காரர் தன் ஜீப் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றிலேயே கார்கில் மலை ஏறியதாகப் பலகை மாட்டியிருந்தார். அப்போது அங்கே சண்டை இல்லையே என்று கேட்டவரிடம், "கொஞ்சம் முன்கூட்டியே போயிருச்சு" என்றார்.

ஆனையூர் கிறிஸ்துராஜின் ஜீப் எந்தச் சண்டைக்கும் போனதில்லை. அவருடைய கஷ்டமே அதுதான்.

மிஷன் பள்ளிப் பேருந்தை ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். நாலு பேர் கூடி நின்றால் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் வண்டி விஷயத்தில் ஒரு மறை கூட இடம் மாறி இருக்கச் சம்மதிக்க மாட்டார். செங்கல் சூளையில் கிடந்த அந்த ஜீப்பை வாங்கி, தானே கழற்றிப் பூட்டி ஓட வைத்தார். அதன் பக்கவாட்டில் நாலு ஓட்டைகள், பானெட்டில் ஒரு நசுங்கல். பார்த்தவர்கள் எல்லாரும் துப்பாக்கிக் குண்டு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கிறிஸ்துராஜ் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். நாலும் ஒரே இடைவெளியில் இருந்தன. அளவெடுத்துக்கொண்டு வருகிற குண்டு எந்த ராணுவத்திலும் கிடையாது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பச்சைக்கு அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் மஞ்சள். மஞ்சளின் நடுவில் தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம். குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம். ஜீப் அந்தப் பிரசாரத்துக்கு ஓடியது. ஓட்டைகள் ஒலிபெருக்கி பூட்டியவை. அதோடு விடாமல், அது ஓடிய மேற்குப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய் விசாரித்து, நசுங்கலின் கதையையும் தெரிந்துகொண்டார்.

இந்த நிலையில்தான் உத்தரவு வந்தது. 'மரபு வாகனத் தகுதிக் குழு' என்று ஒன்று அமைக்கப்பட்டிருப்பதாகவும், வரும் ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சியில் அக்குழுவின் சான்று பெறாத பழைய வண்டிகள் யாவும் கப்பலூருக்கு இழுத்துச் செல்லப்பட்டு நசுக்கப்படும் என்றும் இதன்மூலம் தெரிவிக்கப்பட்டது. விண்ணப்பத்தில் ஒன்பதாவது கட்டம்: 'பங்கேற்ற போர்'.

ஜீப் சங்கத் தலைவர் மருதுவிடம் போனார் கிறிஸ்துராஜ். மருது ராணுவத்தார் போடும் புள்ளிக் கால்சட்டை இல்லாமல் பால் வாங்கக் கூடப் போவதில்லை.

"பர்மான்னு எழுதிட்டுப் போங்கண்ணே. பர்மாவுல இருந்து யாரு வந்து கேக்கப்போறா?"

"வண்டி செஞ்சதே அந்தச் சண்டை முடிஞ்சு பதினேழு வருசம் கழிச்சு, மருது."

"அப்ப லேட்டாப் போய்ச் சேந்துச்சுன்னு எழுதுங்க."

மருது சொன்ன யோசனைப்படி கப்பலூரில் மொக்கையனின் பட்டறைக்கும் போனார். ஜீப்களுக்கு வீரத்தழும்பு போடுவதில் மொக்கையன் பேர் வாங்கியவன்.

"எந்தச் சண்டைண்ணே வேணும்? பர்மான்னா ஓட்டையச் சுத்தித் துரு ஏத்தித் தாரேன். இப்படி வரிசையா இருந்தா நம்ப மாட்டாக. அங்கிட்டு ரெண்டு, இங்கிட்டு ரெண்டு கலைச்சுப் போட்டுருவோம்."

"இது சண்டைக்கே போகல தம்பி."

"சண்டைக்குப் போகாத வண்டிக்கு எதுக்குண்ணே இம்புட்டு ஓட்டை?"

கிறிஸ்துராஜ் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஒரு பொய்தானங்க," என்றாள் மனைவி ஆனிமேரி. "ஞாயித்துக்கிழமை எழுதுங்க, திங்கக்கிழமை பாவசங்கீர்த்தனம் பண்ணிருங்க. சாமியார் என்ன சொல்லப்போறாரு, மூணு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லுவாரு."

"வாயால சொன்ன பொய்யின்னா அதோட முடிஞ்சிரும், மேரி. இது வண்டியில ஒட்டிக்கிட்டே நிக்குமே. தெனம் போய்ச் சாமியார எழுப்ப முடியுமா?"

ஒன்பதாவது கட்டத்தைக் காலியாகவே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். மேடையில் குழுத் தலைவரான அதிகாரி முத்துக்குமரன், பக்கத்தில் மருது, நடுவில் அணைக்க மறந்த மைக்.

"ஒன்பதாவது கட்டம் காலியா இருக்கே. எந்தப் போர்?"

"போருக்குப் போகலீங்கய்யா. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசார வண்டி. அறுபத்தெட்டுல இருந்து ஏழு வருசம், செக்கானூரணிக்கு மேக்க அம்புட்டு ஊருக்கும் போயிருக்கு."

மைதானத்தில் சிரிப்பு எழுந்தது. முத்துக்குமரன் விதிகளைப் புரட்டினார்.

"தாக்குதலுக்கு உள்ளாகாத வாகனம் மரபுச் சின்னமாகக் கருதப்படலாகாது. கப்பலூர்."

"தாக்குதல் நடந்துச்சுங்கய்யா," என்று அவசரமாகச் சொன்னார் கிறிஸ்துராஜ். "பானெட்ல பாருங்க. உலக்கை அடி. புள்ள பெத்துக்கிறது எங்க பாடு, உனக்கு என்னடா வந்துச்சுன்னு ஊர்ப் பொம்பளைக மறிச்சிருக்காக."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. பேனாவைத் திறந்தார். "பத்தாவது கட்டம். எதிரியின் பெயர்?"

கிறிஸ்துராஜ் செருப்பைப் பார்த்தார். "அது வேணாங்கய்யா."

"அரசு வாகனத்தைத் தாக்கியவர் பெயரை மறைப்பது குற்றம்."

"ஐயாவுக்குச் சங்கடமா இருக்கும்."

"எனக்கு என்னய்யா சங்கடம்? சத்தமாச் சொல்லும்."

"ஒச்சாயி. ஐயா ஊருதான். அந்தம்மாவே எங்கிட்டச் சொன்னாக. அன்னிக்கு மாசமா இருந்தாகளாம், ஆறாவது. 'இவன் பெறந்து கவருமெண்டு வேலை பாப்பான்டா, உனக்கே உத்தரவு போடுவான்டா'ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாகளாம்."

வீட்டில் ஆறாவது பிள்ளையான முத்துக்குமரன் பேனாவை மூடினார். மைதானம் குலுங்கியது. எல்லாரையும் விட மருதுதான் அதிகமாகச் சிரித்தார். எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாத கிறிஸ்துராஜ் அவர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவது உலக்கை உங்க அம்மாவோடது, மருது. நீங்க அப்ப அவுக வயித்துல. அந்த அடி வண்டி மேல படல."

மேடையில் குழு கூடிக் குசுகுசுவென்று ஆலோசித்தது. ஜீப்பை நிராகரிக்கலாம். நிராகரித்தால் பதினோராவது கட்டத்தில் 'தோல்வி' என்று எழுத வேண்டும். தோல்வி என்றால் வென்றவர் பெயரையும், வெற்றிக்கான சாட்சியத்தையும் இணைக்க வேண்டும். சாட்சியம் மேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அதில் ஒன்று புள்ளிக் கால்சட்டை வேறு போட்டிருந்தது.

முத்துக்குமரன் ஒன்பதாவது கட்டத்தில் 'பர்மா' என்று தன் கையால் எழுதினார். எதிரி: அடையாளம் தெரியாதவர். முத்திரையைக் குத்தினார்.

"ஐயா, பர்மா இல்லீங்களே."

"கிறிஸ்துராஜ், உமக்குப் பர்மாவா, கப்பலூரா?"

கிறிஸ்துராஜ் ஜீப்பைப் பார்த்தார். முக்கோணத்தைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். மேற்படியார் தமது முழுச் சம்மதத்தைத் தெரிவித்தார் என்று குழு பதிவு செய்துகொண்டது.

கீழே ஆனிமேரி காத்திருந்தாள். "என்ன சண்டைன்னுங்க எழுதுனாக?"

"பர்மா."

"மூணு அருள்நிறை மந்திரம்," என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறினாள்.

பின்னால் மூத்த மகன் டோனி ஏறினான். ஸ்டீவ் ஏறினான். ஆன்சி ஏறினாள். ஜெனி ஏறினாள். அவரவர் கட்டியவர்களும், அவரவர் பெற்றவையும் ஏறின. ஆன்சியின் கடைக்குட்டி சிவப்பு முக்கோணத்தின் மேல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டது. கிறிஸ்துராஜ் சாவியைத் திருகினார். உலக்கைக்கு அசையாத ஜீப் ஒருமுறை முனகிவிட்டு அடங்கிப்போனது.

முத்துக்குமரன் வந்தார். மருது வந்தார். நகைக்கடைக்காரர், பல் டாக்டர், கல்யாண மண்டபக்காரர், மொக்கையன் என்று மைதானமே வந்து பின்னால் கை வைத்தது. ஜீப் நகர்ந்தது. ஏழு வருடம் அது ஊர் ஊராய்ப் போய்ச் சொன்னதை யாராவது காதில் வாங்கியிருந்தால், அன்றைக்குத் தள்ள ஆள் கிடைத்திருக்காது.