சமையல் அலமாரியைச் சுற்றி ஒரு வாசகர் வரிசை

கையொப்ப எழுத்தாளர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால் கவலை வேண்டாம். உங்கள் தொலைபேசி எண் உலகத்தில் யாராவது ஒருவரிடம் இருந்தால் போதும், அவரே உங்களைத் தேடி வந்துவிடுவார். எழுதுகிறவர்தான் எழுத்தாளர் என்று இன்னமும் வெள்ளந்தியாக நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த இனம் பிடிபடாது. எழுதுவது இவருக்கு ஒரு தொல்லை. கையெழுத்துப் போட ஒரு புத்தகம் வேண்டியிருக்கிறதே, என்ன செய்வது? அதற்காக எழுதித் தொலைக்கிறார்.

உதாரணத்துக்கு ஒருவரைப் பிடிப்போம். பெயர் எதற்கு? சுவரொட்டியில் அதுதான் பெரிதாக இருக்கிறது. நம்மவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வண்டி மோதிவிட்டது, பணம் கொடுங்கள் என்று வருகிற விண்ணப்பங்களைப் பார்த்து, எது நிஜ விபத்து, எது ஜோடித்த விபத்து என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நசுங்கிய கதவின் புகைப்படத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். "இது சுத்தியலால அடிச்சது" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவர் கண்ணில் மண்ணைத் தூவிய ஆள் இல்லை என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு. இதை மறந்துவிடாதீர்கள்.

நம்மவர் இரண்டு நாவல் எழுதியவர். முதல் நாவல் பல வருடங்களுக்கு முந்தியது. அப்போது அவருக்கு விழா, சுவரொட்டி ஒன்றும் தெரியாது. வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, விடுப்பு எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினார். அது சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது. அதில் பாடம் கற்றவர், இரண்டாவது நாவலில் விவரமாகிவிட்டார். விழாவை முதலில் திட்டமிட்டார். பிறகு அட்டைப்படம். பிறகு கையெழுத்து. நடுவில் கிடைத்த நேரத்தில் நாவலையும் எழுதினார்.

கையெழுத்து என்றால் வங்கியில் போடுகிற கையெழுத்தா? அதைப் போய் வாசகருக்குக் கொடுப்பார்களா? முதலெழுத்து ஓங்கி நிற்க வேண்டும், கடைசி எழுத்தின் வால் சுழன்று வந்து முழுப்பெயருக்கும் அடிக்கோடு போட வேண்டும், கடைசியில் அலட்சியமாக இரண்டு புள்ளி வைக்க வேண்டும், ஆனால் யோசித்து வைத்த புள்ளிகள் என்று தெரியக்கூடாது. மின்கட்டண ரசீதின் முதுகில், பிள்ளைகளின் கணக்கு நோட்டில், மருந்துச் சீட்டில் என்று பழகிப் பழகி, கடைசியில் அந்தக் கை பழைய கையெழுத்தையே மறந்துவிட்டது. வங்கியில் ஒருநாள் "சார், இது நீங்க போட்ட கையெழுத்து மாதிரி இல்லையே" என்று காசோலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் சங்கடப்பட்டிருப்பார்கள். நம்மவர் அன்று முழுக்கப் பூரித்துப்போய் இருந்தார்.

சுவரொட்டிக்கு ஒரு புகைப்படம். கன்னத்தில் கை, கண்கள் தொலைதூரத்தில், தலை நிறைய முடி. இதில் கன்னமும் கையும் இப்போதும் உண்டு. விழா நடக்கவிருந்த புத்தகக் கடைக்கு முன்கூட்டியே இடம் பார்க்கப் போனவரிடம், சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்த கடைக்காரர், "எழுத்தாளர் எப்ப வருவாராம், உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். நம்மவர் "வந்துக்கிட்டே இருக்கார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பிறகு அழைப்பு. விழாவுக்கு இன்னும் இத்தனை நாள், இன்னும் இத்தனை நாள் என்று ராக்கெட் விடுகிறவர்கள்போல தினமும் காலையில் ஒரு செய்தி. குடும்பக் குழு, பள்ளித் தோழர்கள் குழு, பல் மருத்துவமனையில் தெரியாத்தனமாக எண்ணைக் கொடுத்ததால் சேர்க்கப்பட்ட குழு, எதையும் விடவில்லை. குடியிருப்பின் குழுவில் "மோட்டார் பழுது, நாளை தண்ணீர் வராது" என்று ஒருவர் போட்ட செய்திக்கு நேர் கீழே, "ஞாயிறு மாலை எழுத்தாளர் வருகிறார்! இருக்கைகள் குறைவு, முந்துங்கள்!" என்று போட்டார். "அவர் வந்தா தண்ணி வருமா?" என்று மேல்மாடிக்காரர் கேட்டிருந்தார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, அப்பாவை இழந்த நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்களேன், மனசுக்கு ஒரு மாறுதலா இருக்கும்" என்றார்.

இத்தனையும் எதற்கு? இங்கேதான் அவர் மனைவி வருகிறார். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்குப் பார்வையைச் சோதித்துச் சொல்வது அந்த அம்மாளின் வேலை. வீட்டிலும் அதைத்தான் செய்கிறார்.

"உங்க புத்தகத்தை நமக்குத் தெரியாத ஒருத்தர், ஒரே ஒருத்தர், படிச்சிருக்காங்களா? எங்க அண்ணி வேண்டாம், உங்க ஆபீஸ் ஆளுங்க வேண்டாம். ஊர் பேர் தெரியாத ஒருத்தர். அப்படி ஒருத்தர காட்டுங்க, அப்புறம் எத்தனை விழா வேணும்னாலும் வைங்க, நானே முன்னாடி உக்காந்து கைதட்டறேன்."

நம்மவர் சிரித்து மழுப்பினார். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. ஏனென்றால் அவர் மனதுக்குள் வைத்திருந்த ஆசையும் அதுதான்; வேறு எதுவும் இல்லை. முதல் நாவலில் ஓர் இடம் உண்டு. ஒரு பெண், வீட்டைக் காலி செய்து பூட்டிவிட்டுப் படியிறங்கி வருவாள். கீழே வண்டி காத்திருக்கும். அவள் திரும்ப மேலே போய், பூட்டைத் திறந்து, வெறும் வீட்டுக்குள் சற்று நேரம் இருந்துவிட்டு வருவாள். ஏன் போனாள் என்று அவர் எழுதவில்லை. அந்தப் பத்தியை எழுதிய அன்று சமையலறை மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். யாராவது ஒருநாள் வந்து "அவ ஏன் திரும்பப் போனா?" என்று கேட்பார்கள் என்று, பதிலை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாகக் காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. பேட்டி எடுத்த ஒருவர் அவருக்குப் பிடித்த நிறம் என்னவென்று கேட்டார்.

சரி, முகம் தெரியாத வாசகர் தானாக வரமாட்டார் என்றால் என்ன செய்யலாம்? வரவழைக்கலாம். மனைவியின் தம்பி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார்.

"ஆளா இல்ல மாமா? ஒரு பேட்ச் முழுக்க டெஸ்டுக்குக் காத்திருக்கு. நான் நில்லுன்னா நிப்பாங்க, திரும்புன்னா திரும்புவாங்க."

"எனக்கு யார் முகமும் தெரியாதே, மச்சான்."

"உங்களுக்கே தெரியாதவங்கதானே மாமா வேணும்?"

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாக நம்மவருக்குத் தோன்றவே இல்லை. ஜோடித்த விபத்தை வாசனையிலேயே பிடிக்கிறவர்!

ஞாயிறு வந்தது. தேர்வு வழிகாட்டிகளுக்கும் பொம்மைகளுக்கும் நடுவில் ஒரு மேசை, மேசைமேல் புது நாவல் கோபுரமாக, பக்கத்தில் மூன்று பேனா. வரிசை கடை வாசல்வரை நின்றது. மைத்துனர் ஒரு கையில் தொலைபேசியால் படம் எடுத்துக்கொண்டு, மறுகையால் போக்குவரத்தைச் சீர்செய்தார். திட்டம் எளிமையானது. கையெழுத்து வாங்கியவர் நேரே போய்ச் சமையல் புத்தக அலமாரியை இடப்புறமாகச் சுற்றி, அதன் பின்னால் சட்டையையோ தொப்பியையோ மாற்றிக்கொண்டு, புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு, மறுபடி வரிசையின் வாலில் சேர்ந்துகொள்ள வேண்டும். "முன்னாடி போறவருக்கும் உங்களுக்கும் இடைவெளி விடுங்க! ஓவர்டேக் பண்ணாதீங்க!" என்று அவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லோருக்கும் ஒரே வசனம்தான்: "உங்க எழுத்து என் வாழ்க்கையையே மாத்திடுச்சு." ஒருவர் மட்டும் பதற்றத்தில் வசனத்தை மறந்துவிட்டு, "சார், லைசென்ஸ் எப்ப வரும்?" என்று கேட்டார். நம்மவர் சளைக்காமல் "அன்பு வாசகருக்கு" என்று எழுதி வாலைச் சுழற்றினார்.

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி, ஒரே நீலச்சட்டை மூன்றாவது ஆளின் உடம்பில் வருவதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் வரிசையில் ஒரு பெண்மணியின் முறை வந்தது. நடுத்தர வயது, தோளில் துணிப்பை, கையில் ஈரக் குடை. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். புது நாவல் இல்லை. பழையது, முதலாவது. முதுகு பிய்ந்து ஒட்டுத்தாள் போட்டிருந்தது. நடுவில் ஒரு பேருந்துச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நாளா உங்களை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேங்க" என்றார். "அந்தப் பொண்ணு வீட்டைப் பூட்டிட்டு இறங்கினவ, ஏன் திரும்ப மேல போறா? எங்க வீட்டைக் காலி பண்ணின அன்னிக்கு நானும் அப்படித்தான் போனேன். எனக்கே ஏன்னு தெரியல. அதான் உங்களைக் கேக்கலாம்னு..."

நம்மவர் அசந்துவிட்டார். எதற்கு? மைத்துனரின் சாமர்த்தியத்துக்கு! முகம் தெரியாதவர்கள் எல்லோரும் மைத்துனர் அனுப்பியவர்கள். இந்த அம்மாளின் முகமும் தெரியவில்லை. ஆகவே இவரும் மைத்துனர் அனுப்பியவர். ஒட்டுத்தாளைத் தொழில்முறைக் கண்ணால் சாய்த்துப் பார்த்தார். எவ்வளவு நேர்த்தியாகக் கிழித்திருக்கிறார்கள்!

முன்னால் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "பிரமாதம்மா. உண்மை மாதிரியே இருக்கு. ஆனா போட்டோவுல கிழிஞ்ச புத்தகம் எடுபடாது. இதை உள்ள வெச்சிட்டு, புதுசா ஒண்ணு கையில எடுத்துக்குங்க."

"இல்லைங்க, எனக்கு இதுலதான் கையெழுத்து..."

"சரி, அது அப்புறம். இப்ப அந்தக் கேள்வியை மறுபடியும் கேளுங்க. கொஞ்சம் சத்தமா, இந்தப் பக்கம் திரும்பி. கண்ணு கலங்கினா இன்னும் நல்லா இருக்கும்."

அந்தப் பெண்மணி அவரைப் பார்த்தார். நீட்டிக்கொண்டிருந்த தொலைபேசியைப் பார்த்தார். சமையல் அலமாரிக்குப் பின்னால் ஒருவர் தலைவழியாகச் சட்டையை இழுத்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார்.

"பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, நேரே வாசலைப் பார்த்து நடந்தார்.

"அம்மா, அலமாரியைச் சுத்திப் போங்க!" என்று நம்மவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். ஒழுங்கே தெரியாத ஆளாக இருக்கிறாரே என்று அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

விழா முடிந்தது. காகிதக் கோப்பைகளில் தேநீர் வந்தது. நம்மவர் மைத்துனரின் முதுகில் தட்டினார். "குடையோட ஒரு அம்மா வந்தாங்களே, அவங்களை அடுத்த விழாவுக்கும் கூப்பிடு. என்ன நடிப்பு! நாவல்ல இருந்து கேள்வியெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கியே."

"நானா? ஒரே வசனம்தானே மாமா சொல்லிக்கொடுத்தேன். நாவல்ல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? கோவிச்சுக்காதீங்க, நானே இன்னும் படிக்கல." மைத்துனர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாப் படத்திலும் எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு படத்தில் மட்டும் ஒரு பெண்மணி எழுத்தாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தாளர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்களா? இவங்க நம்ம ஆள் இல்லையே மாமா. யார் இது?"

நம்மவர் கோப்பையை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை, தெருவுக்கு ஓடினார். பேருந்து நிறுத்தத்தில் பார்த்தார், எதிர்ச் செருப்புக் கடையில் எட்டிப் பார்த்தார், குடை பிடித்துப் போன ஒருவரை ஓடிப் போய் மறித்து, அது வேறு யாரோ என்று மன்னிப்புக் கேட்டார். இத்தனை வருடம் அவர் காத்திருந்த ஒரே ஓர் ஆள், தானாக, வரிசையில் கால்கடுக்க நின்று வந்த ஆள். பேர்கூடக் கேட்கவில்லை. பாவம், நமக்கே ஒரு கணம் சிரிப்பு நின்றுவிடுகிறது.

திரும்பும்போது, கூரையில் பயிற்சிப் பள்ளியின் பலகை வைத்த வண்டியை மைத்துனர் ஓட்டினார். பின்னிருக்கையில் மனைவி, மடிமேல் மீந்த புத்தகங்களோடு. கடையில் நடந்ததை முழுக்கப் பார்த்தவர், திட்டவில்லை. வெகுதூரம் போன பிறகு, மெதுவாகக் கேட்டார்.

"அந்த முதல் புத்தகத்துல, அவ ஏன் திரும்ப மேல போனா? எனக்கும் கேக்கணும்னு இருந்துச்சு. எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருந்தீங்க, விட்டுட்டேன்."

நம்மவர் சட்டென்று திரும்பினார். இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்த பதில் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றது. கண்கள் சற்றே சுருங்கின. நசுங்கிய கதவைப் பார்ப்பதுபோல மனைவியைச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்படிக் கேக்கச் சொல்லி உன்கிட்ட யார் சொன்னது? உன் தம்பியா?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் எழுத்தாளன் இல்லை, இந்தக் கூத்து எனக்கெதற்கு என்கிறீர்களா? நல்லது. புது வீட்டின் படத்தைப் போட்டுவிட்டு, சித்தி மகனுக்குப் போன் செய்து "பாத்தும் ஒண்ணும் சொல்லாம இருக்கியே" என்று கேட்டவர் நீங்கள் இல்லைதானே? மகள் மேடையேறியபோது கைதட்ட அலுவலகத்திலிருந்து ஆள் கூட்டிவந்தவரும் நீங்கள் இல்லை. சந்தோஷம். என்றாவது ஒருநாள் யாரோ ஒருவர், யாரும் சொல்லாமல், உங்கள் எதிரில் வந்து நின்று மனசாரக் கேட்பார். அவரை மட்டும் அலமாரியைச் சுற்றிப் போகச் சொல்லிவிடாதீர்கள். சொல்லமாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் "மாட்டேன்" என்று சொல்லும்போதே, யாராவது படம் எடுக்கிறார்களா என்று ஏன் திரும்பிப் பார்க்கிறீர்கள்?