நான்கு மொழிகளில் நிரம்பிய மீன்தொட்டி

"லிஃப்ட் கூடாது! படி! படி மட்டும்! யாரும் திரும்பிப் பாக்காதேங்கோ!"

விசிலை ஊதியபடி நான்காம் மாடியிலிருந்து தலைக்கவசத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார் சௌந்தரராஜன் சார். அவர் பின்னால் கையில் கரண்டியோடு அவர் மனைவி கல்பகம் மாமி. மாமிக்குப் பின்னால், மீன்தொட்டி பொருத்த வந்த கிரி, ஒரு கையில் ஸ்பானரும் மறுகையில் பாதி கடித்த சமோசாவுமாக.

வெள்ளம் வந்தபின் மக்களை மீட்டவர்கள் உலகில் எத்தனையோ பேர். தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுமுன்பே மீட்டவர், மனிதகுல வரலாற்றில், ஹைதராபாத் மல்காஜ்கிரியில் எங்கள் மேல்வீட்டுச் சௌந்தரராஜன் சார் ஒருவரே.

நான் கதவைத் திறந்தேன். "என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. ஆனதா வெச்சுக்கோங்கோ. மாக் டிரில்!"

"மாமி, அடுப்புல ஏதாவது..."

"ரசம் பொங்கறது, ரகுநாதன். ஒத்திகை முடியறவரைக்கும் அணைக்கப் போகப்படாதாம்."

ஒத்திகை முடிந்தது. ரசமும் முடிந்தது.

சௌந்தரராஜன் சார் மத்திய அரசு நிறுவனமொன்றின் பாதுகாப்புத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பணிக்காலத்தில் அவர் அறைக்குள் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. மீன் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ரத்த அழுத்தம் குறையும் என்று டாக்டர் சொல்ல, ஆறடி நீளத் தொட்டிக்கு ஆர்டர் கொடுத்தார். அன்றிலிருந்து ரத்த அழுத்தம் எனக்கு.

காரணம் எளிது. நான் மூன்றாம் மாடி. தொட்டியை பீமுக்கு மேலே வைக்க வேண்டும் என்றார் இன்ஜினீயர். ஈசான்யத்தில் வைக்க வேண்டும் என்றது வாஸ்து. அறிவியலும் சாஸ்திரமும் அபூர்வமாக ஒரே மூலையில் ஒத்துப்போயின. அதற்கு நேர் கீழே, எங்கள் ஹாலில், அதே ஈசான்யத்தில், என் மனைவி மங்களத்தின் நவராத்திரிக் கொலு.

அத்தனையும் காகிதக்கூழ் பொம்மைகள். அவள் அம்மா கொடுத்த தசாவதார செட், கல்யாண ஊர்வலம், பல் விழுந்த செட்டியார். தெலங்கானா தோழிகள் கொண்டுவந்து வைத்த ஒரு பதுகம்மா பூக்கோபுரமும் உண்டு. தண்ணீர் பட்டால் அவ்வளவுதான்.

"ஏன்னா, மேல அத்தனை தண்ணி நிக்கப்போறதே, நம்ம கொலுவுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றாள் மங்களம்.

"சௌந்தரராஜன் சார் இருக்கும்போது என்ன பயம்?" என்றேன். இந்த வாக்கியத்தை நான் இன்றுவரை பெருமையோடு நினைவில் வைத்திருக்கிறேன்.

உடனே "மீன்தொட்டிப் பாதுகாப்புக் குழு" அமைக்கப்பட்டது. தலைவர், சௌந்தரராஜன் சார். உறுப்பினர், கல்பகம் மாமி. "வால்வு ஆபரேட்டர்", கிரி. எனக்கு, இந்தியாவில் வேறெந்தக் குழுவிலும் இல்லாத ஒரு பதவி தரப்பட்டது: "பாதிக்கப்படவிருப்போர் பிரதிநிதி".

முதல் கூட்டத்தில் சாத்தியமான அபாயங்கள் ஆராயப்பட்டன. நிலநடுக்கம். வழிதவறித் தாழப் பறக்கும் விமானம். கண்ணாடியை அலகால் தட்டக்கூடிய புறா. மீன் மனமுடைந்து வெளியே குதித்தல்.

"தண்ணி வழிஞ்சா?" என்று கேட்டேன்.

"அது சேஃப்டி இல்லை, ஆபரேஷன். வேற டிபார்ட்மென்ட்."

"அந்த டிபார்ட்மென்ட்ல யாரு சார்?"

"இன்னும் போஸ்டிங் போடலை."

கிரி மௌலா அலியில் பிறந்து வளர்ந்த ரயில்வே குடும்பத்துப் பிள்ளை. எதற்கும் கலங்க மாட்டார். "டென்ஷனே நக்கோ சார். இந்தக் கண்ணாடி மேல யானை சாஞ்சாலும் ஒண்ணும் ஆவாது."

"யானை சாயற அபாயத்தை நாம சேர்க்கலையே!" என்று பதறிய தலைவர், கூட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

ஸ்டாண்டு சனத்நகர் பட்டறையில் செய்யப்பட்டது. அதன்மேல் தொட்டி என்ன, கூட்ஸ் வண்டியே நிற்கலாம். ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். அடியில் தெர்மோகோல் விரித்தார்கள். தொட்டியைத் தூக்கியவர்களுக்குக் கையுறை, கண்ணாடி, காலணி. தூக்காமல் வேடிக்கை பார்த்த எனக்கும் ஒரு தலைக்கவசம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஜன்னல் வழியாக ரப்பர் குழாய் வந்தது. அதற்கு ஒரு வால்வு.

சரஸ்வதி பூஜை அன்று காலை, ராகுகாலம் கழிந்ததும் தண்ணீர் திறக்கப்பட்டது. கல்பகம் மாமி தொட்டிக்குக் குங்குமம் வைத்தாள். தண்ணீர் ஏறியது. கண்ணாடி விரியவில்லை. ஸ்டாண்டு வளையவில்லை. ஒரு மூட்டில்கூடக் கசிவில்லை. தொட்டி முக்கால் நிரம்பியபோது சௌந்தரராஜன் சாருக்குக் கண் கலங்கியது.

"நிறையற தருணத்துல பாதுகாப்பு உறுதிமொழி எடுத்துக்கணும். அது மரபு. எல்லாரும் வரிசையா நில்லுங்கோ!"

பதவி வரிசைப்படி நின்றோம். தொட்டியின் அருகே தலைவர். அடுத்து உறுப்பினர். அடுத்து பிரதிநிதி. காண்டிராக்ட் ஆள் என்பதால் கிரி கடைசியில், செருப்பு ஸ்டாண்டை ஒட்டி.

"வலது கையை முன்னால நீட்டுங்கோ. முடியறவரைக்கும் யாரும் அசையப்படாது, பேசப்படாது. நடுவுல கையை இறக்கினா உறுதிமொழி செல்லாது."

முதலில் ஹிந்தி. அவர் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொன்னோம். அர்த்தம் புரியாவிட்டாலும் கிளர்ச்சியாக இருந்தது. ஹிந்தி முடியும்போது தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

அடுத்து தெலுங்கு. மாநில மொழிக்கு உரிய மரியாதை. இரண்டாவது வரியில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி, ஸ்டாண்டின் காலைத் தழுவிக்கொண்டு தரையில் இறங்கியது.

"சார்..." என்றார் கிரி.

"உஷ்!"

"சார், வால்வு..."

"உறுதிமொழிக்கு நடுவுல பேச்சா? கைக்கு இந்த அவசரம்?" உணர்ச்சிவசப்பட்டால் சாருக்கு ஹைதராபாத் உருது வந்துவிடும்; 'கைக்கு' என்றால் 'எதற்கு'.

கிரியின் கண்கள் தலைவரின் பக்கமாக உருண்டு உருண்டு எதையோ காட்டின. பக்தி என்று நினைத்தேன்.

பிறகு இங்கிலீஷ். தண்ணீர் எங்கள் கால்விரல்களுக்கு நடுவே ஓடி மறுபடி ஈசான்ய மூலைக்கே திரும்பியது. அங்கே, எந்தக் காலத்திலோ கேபிள் டிவிக்காரர் மாடி விட்டு மாடிக்கு வயர் இறக்கப் போட்ட துளை ஒன்று, கம்பளத்தின் கீழே, பதவி எதுவும் இல்லாமல் காத்திருந்தது.

என் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. மங்களம். வலது கை நீட்டியிருந்ததால் எடுக்க முடியவில்லை. நின்று, மறுபடி அடித்தது. அதுவும் நின்றபின் அவள் குரலே படியேறி வந்தது. "ஏன்னா! ராமர் மேல தண்ணி கொட்டறது!"

"சார், போதுமே," என்றேன், உதட்டை அசைக்காமல்.

அப்போதுதான் கல்பகம் மாமி அந்தச் சரித்திரக் கேள்வியைக் கேட்டாள். மாமி திருச்சி. "மூணு பாஷைல ஆச்சு. நம்ம தமிழ் மட்டும் எளப்பமா?"

சௌந்தரராஜன் சாரின் முகம் சிவந்தது. தாய்மொழியைப் புறக்கணித்தார் என்ற பழி வேண்டாம். ஆனால் தமிழ் உறுதிமொழி அவர் அலுவலகத்தில் இருந்ததில்லை. ஆகவே அங்கேயே, நின்ற நிலையில், மொழிபெயர்க்கத் தொடங்கினார்.

"நான்... இதனால்... ஹஸார்டுக்குத் தமிழ்ல என்ன?"

"அபாயம்," என்றேன், கணுக்கால் ஈரத்தோடு.

"அது டேஞ்சர்."

"ஆபத்து," என்றாள் மாமி.

"அது எமர்ஜென்சி."

"இடர்!" என்று கத்தினேன்.

"ஆஹா! 'எல்லா இடர்களையும் முன்கூட்டியே கண்டறிந்து...' எல்லாரும் சொல்லுங்கோ!"

சொன்னோம். கீழே மங்களம் வாளி தேடும் ஓசை கேட்டது.

உறுதிமொழி செல்லுபடியானது. கைதட்டினோம். தொட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நான் கீழே ஓடினேன். கொலுவின் மேல் கூரையிலிருந்து ஒரே ஒழுங்காகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. செட்டியார் பல்லோடு முகத்தையும் இழந்திருந்தார். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை கரைந்து குதிரைக்குள் போயிருந்தார். தசாவதாரத்தில் மச்சம் தரையில் மிதந்தது. மற்ற ஒன்பது பேரும் கூழ்நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். மங்களம் ராமரின் வில்லை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அம்மா குடுத்தது," என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாளே விசாரணை நடந்தது. அரசு அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் காரியத்தை ஒரு டிகிரி காபிக்குள் முடித்தார் தலைவர்.

"விபத்து எங்க நடந்தது?"

"எங்காத்துல சார்."

"அதாவது மூணாம் மாடி. நாலாம் மாடியில?"

"தண்ணிதான் வழிஞ்சுது."

"தண்ணி வழியறது அதோட சுபாவம். விபத்தில்லை. ஆக நாலாம் மாடி விபத்தில்லாத மாடி. சரிதானே கிரி?"

"ஹவ் சார்," என்று ஆமாம் போட்டார் கிரி. அவருக்கு வேலை முடிந்த கூலி இன்னும் வரவில்லை.

தீர்ப்பு தெளிவாக இருந்தது. விபத்துக்குக் காரணம்: மூன்றாம் மாடி, நான்காம் மாடிக்குக் கீழே அமைந்திருந்தமை. பொறுப்பு: புவியீர்ப்பு விசை. பரிந்துரை: அடுத்த ஆண்டு முதல் கொலு பொம்மைகளுக்கு மழைக்கோட்டு. பாதிக்கப்படவிருப்போர் பிரதிநிதியான எனக்கு, "பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி" என்று பதவி உயர்வும் கிடைத்தது.

விபத்தில்லாத மாடிக்காகக் குடியிருப்போர் சங்கம் அவருக்கு ஒரு கேடயம் வழங்கியது. பாராட்டுரை என் பொறுப்பு. பேசினேன். நெஞ்சாரப் பேசினேன். கைதட்டல் ஓய்ந்ததும், கடைசி வரிசையிலிருந்து மங்களம் எழுந்தாள். கொலு கரைந்த நாளுக்குப் பிறகு அவள் பொதுவில் பேசியது அப்போதுதான்.

"எல்லாம் கேட்டேள். ஒண்ணு மட்டும் யாரும் கேக்கலை. அந்த வால்வு எங்க இருந்தது?"

சௌந்தரராஜன் சார் கேடயத்தைத் துடைத்தார். கிரி தரையைப் பார்த்தார்.

வரிசையில் மூன்றாவதாக நின்ற எனக்கு அது தெரியும். அவசரத்துக்குத் தலைவருக்கு எட்ட வேண்டும் என்று, குழுவின் முதல் தீர்மானப்படி, ஜன்னல் கம்பியில், அவர் நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் அது பொருத்தப்பட்டிருந்தது. உறுதிமொழிக்கு நீட்ட வேண்டியது வலது கை மட்டுமே. நான்கு மொழிகளும் முடியும்வரை, கால் வலிக்காமலிருக்க, தம் இடது கையை அவர் ஊன்றிக்கொண்டிருந்தது அந்த வால்வின் மேல்தான்.